ஒரே ஒரு திருப்பு

கதவைப் பூட்டிவிட்டுப் பஸ் நிறுத்தம்வரை போய், பூட்டினோமா என்று சந்தேகம் வந்து, மறுபடி நான்கு மாடி ஏறி வந்து பார்க்கிறவர்கள் உலகத்தில் எத்தனை பேரோ, எனக்குத் தெரியாது. நான் அவர்களில் ஒருத்தி. ஒருநாள் இரண்டுநாள் கூத்து இல்லை, ஆறு வருஷம். என் வீட்டுக்காரர் எனக்கு வைத்த பெயர் செக்போஸ்ட். லாரி ஓட்டுகிற மனுஷனுக்கு வேறு என்ன பெயர் வாயில் வரும்?

இதில் வேடிக்கை, என் வேலையே சரிபார்ப்பதுதான். மாத்திரைக் கம்பெனியில், அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேஜையில் அட்டைகள் வரிசையாக வரும். எதில் ஒரு குழி காலி, எதில் மாத்திரை உடைந்திருக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். என் முத்திரை விழுந்த பெட்டியை யாரும் மறுபடி பிரித்துப் பார்ப்பதில்லை. வீட்டு வாசலில் மட்டும் என்னை நானே நம்பமாட்டேன்.

வீட்டுக்காரருக்கும் இதில் பங்கு உண்டு, சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு முன்னால் ஆணியில் தொங்கிய இன்னொரு சாவி காணாமல் போனது. "நீதான் எங்கயாச்சும் பத்திரமா வச்சிருப்ப" என்றார். இருக்கும் என்று நானும் தலையாட்டினேன். அதற்குப் பிறகு, அவர் லாரியோடு வெளியூரில் இருந்த நாட்களில், ஜன்னலோரம் போட்ட ஸ்டூல் ஒருநாள் சுவரோரம் இருந்தது. ரொட்டிப் பாக்கெட்டில் இரண்டு துண்டு குறைந்தது. ஒருநாள் வேலை விட்டு வந்தால் குளியலறை சோப்பு ஈரமாக இருந்தது. காலையில் ஏழு மணிக்குக் குளித்த சோப்பு சாயங்காலம்வரை காயாமலா இருக்கும்? எனக்குப் புத்தி பிசகிக்கொண்டு வருகிறது என்று பயந்தேனே தவிர, வேறு எதையும் நினைக்கவில்லை.

ஒரே மாதத்தில் நான்காவது முறை தாமதமாகப் போனபோது, கம்பெனி நர்ஸ் அக்காவிடம் அனுப்பினார்கள். அவர் மருந்து எதுவும் தரவில்லை. எப்படிப் பூட்டுவாய் என்று கேட்டார். இரண்டு திருப்பு, மூன்று இழுப்பு, பாதிப் படி இறங்கி மறுபடி ஏறி ஒரு இழுப்பு என்றேன். எங்கள் கதவு ஒரு திருப்பிலேயே பூட்டிக்கொள்ளும், இரண்டாவது திருப்பு என் பயத்துக்கு. இரண்டு திருப்பிப் பூட்டினால் திறக்கவும் இரண்டு திருப்ப வேண்டும்.

"உனக்கு மறதி இல்லம்மா" என்றார். "நேத்துப் பூட்டுனதும் இன்னைக்குப் பூட்டுனதும் ஒண்ணோட ஒண்ணு கலந்துபோகுது, அவ்வளவுதான். இனிமே ஒரே ஒரு திருப்பு. கதவுல கைய வச்சு, அன்னைக்கு என்ன பாக்குறியோ அதை வாய்விட்டுச் சொல்லு. சொல்லிட்டு நடையக் கட்டு. உன் வார்த்தைய நீ நம்பலைன்னா வேற யாரு நம்புவா?"

முதல் வாரம் நரகம். பஸ்ஸில் உட்கார்ந்தால் இருக்கை முள்ளாகக் குத்தியது. இறங்கி ஓடிவிடாமலிருக்க முன்கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன். எட்டாம் நாள் கொஞ்சம் மூச்சு வந்தது. பன்னிரண்டாம் நாள் கதவில் கை வைத்துச் சொன்னேன்: "இன்னைக்கு வியாழன். மழை. குடையில ஒரு கம்பி மடங்கியிருக்கு. ஒரு திருப்பு."

அன்று மின்சாரம் போய் இயந்திரங்கள் நின்றுவிட, மூன்று மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படியேறி வந்து, சாவியைப் போட்டு ஒரு திருப்புத் திருப்பி, கைப்பிடியை அழுத்தினேன். கதவு திறக்கவில்லை.

இன்னொரு திருப்பு பாக்கி இருந்தது.

கை தானாகவே சாவியைத் திருப்பப் போனது. நிறுத்திக்கொண்டேன். போன மாதமாக இருந்தால், பழக்கதோஷத்தில் நானே இரண்டு தடவை திருப்பியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போயிருப்பேன். இப்போது அப்படிச் சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. வியாழன், மழை, மடங்கிய கம்பி, ஒரு திருப்பு.

சத்தமில்லாமல் இரண்டு படி இறங்கி வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். ஏதோ பெட்ரோல் பங்க் இரைச்சலில் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"செக்போஸ்ட், மறுபடி ஆரம்பிச்சிட்டியா? நீயே திருப்பியிருப்ப. உள்ள போய்ப் படு."

"நான் திருப்பலைங்க."

"ஆறு வருஷமா ரெண்டு தடவ திருப்புற ஆளு. இன்னைக்கு மட்டும் எப்படிம்மா?"

அவர் போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆறு வருஷமாக இரண்டு தடவை. அது இந்தக் கட்டடத்துக்கே தெரியும். நான் படியில் ஏறி இறங்குவதைப் பார்த்துச் சிரிக்காதவர் யார்? காணாமல் போன சாவியை வைத்திருக்கிறவனுக்கும் தெரிந்திருக்கும். உள்ளே போய் என்னைப் போலவே பூட்டிக்கொள்கிறான். நான் பன்னிரண்டு நாளாக மாறிவிட்டது அவனுக்குத் தெரியாது; இன்று ஒரே திருப்பில் கதவு திறந்துகொண்டதையும் கவனித்திருக்கமாட்டான். அந்த ஈரச் சோப்பு நினைவுக்கு வந்தது. எத்தனை பகல்கள் என் வீட்டில் இருந்தான்?

போலீசுக்குப் போன் செய்து தாழ்ந்த குரலில் முகவரி சொன்னேன். மேலே ஏறிப் போய், பூட்டிலேயே விட்டிருந்த சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தப் பக்கம் சாவி இருக்கும்வரை அந்தப் பக்கம் இன்னொன்று நுழையாது.

மூன்றாம் மாடித் தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி ஏறி வந்தார். நல்ல மனிதர், ஆனால் பொறுமை கிடையாது. விஷயத்தைச் சொன்னேன்.

"போலீசா? ஏன் தங்கச்சி, ஒண்ணுமில்லைன்னா மானம் கப்பலேறிடுமே. கட்டடமே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்ணே."

"தள்ளு, நான் போய்ப் பாக்குறேன். நீ மறந்திருப்ப."

அவர் கை சாவிமேல் வந்தது. அவர் சொன்னது போலவே இருந்துவிட்டால்? இனி ஆயுசுக்கும் ஒரு பூட்டைப் பற்றிக்கூட நான் வாய் திறக்க முடியாது. வீட்டுக்காரர் லாரி ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்து, மறுநாளிலிருந்து பத்துத் தடவை இழுத்துப் பார்ப்பேன். இருந்தும் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன்.

"அண்ணே, காலையில நான் ஒரே ஒரு தடவைதான் திருப்பினேன்."

'நினைக்கிறேன்' என்று சேர்க்கவில்லை. என் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து எத்தனை வருஷம் ஆகிறதோ. தையல்காரர் எரிச்சலோடு ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார். அவர் பார்வை என் முகத்தில் இல்லை.

கைப்பிடி மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. முழுக்க இறங்கி, ஒரு நொடி நின்று, சத்தமில்லாமல் மேலே போனது. பிறகு மறுபடி இறங்கியது.

தையல்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். என் புத்தி சரியாகத்தான் இருந்திருக்கிறது. அதற்கு அப்புறம்தான் பயம் வந்தது. சாவியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.