கணவருக்கும் திறக்காத பெட்டி

பக்கத்து வீட்டில் லேப்டாப் திருடு போன மறுநாளே லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தன் வீட்டுக் கம்ப்யூட்டர் மேல் பாசம் பொங்கிவிட்டது. அதுவரை அதில் சீட்டு விளையாடியதைத் தவிர அவர் உருப்படியாக ஒன்றும் செய்ததில்லை.

"டிஸ்க் மொத்தத்தையும் என்க்ரிப்ட் பண்ணிப் பூட்டிடலாம். ஒரே பாஸ்வேர்டு. நமக்கும் பொண்ணுக்கும் தெரிஞ்சா போதும். எவன் தூக்கிட்டுப் போனாலும் அவனுக்கு அது வெறும் டப்பாதான்" என்றார் மனைவியிடம்.

மனைவி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மார்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு உள்ளாடை தைப்பவள் அவள். ஒருத்தியின் தழும்பு போல இன்னொருத்திக்கு இருக்காது. எங்கே தையல் உறுத்தும், எந்தப் பக்கம் எவ்வளவு பஞ்சு வைக்கவேண்டும் என்று படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் துணியை வெட்டவேண்டும். அந்தப் படங்களெல்லாம் இந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. போன வாரம் வந்து சேர்ந்தது கணவரின் கூடப்பிறந்த அக்காவின் படம்.

வயிற்றில் ஏதோ கட்டி, எடுத்தாயிற்று என்றுதான் நாத்தனார் தம்பியிடம் சொல்லி வைத்திருந்தாள். "அவனுக்குத் தெரிஞ்சா என்னைப் பாக்கறப்பல்லாம் அழுவாம்மா. அதை என்னால தாங்க முடியாது" என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருந்தாள்.

அதனால் கணவரின் யோசனை மட்டும் இவளுக்குப் போதவில்லை. அந்தப் பூட்டு திருடனைத் தடுக்கும், சரி. கம்ப்யூட்டரை ஆன் செய்து பாஸ்வேர்டைப் போட்டபிறகு வீட்டில் இருப்பவர்களுக்கு எல்லாமே திறந்துதானே கிடக்கும்?

மத்தியான வேளைகளில் உட்கார்ந்து படித்தாள். படங்களை ஒரு ஜிப் ஃபைலில் கட்டி பாஸ்வேர்டு வைக்கலாமா என்று பார்த்தாள். திறக்கும்போதெல்லாம் வெளியே ஒரு நகல் சிந்திக் கிடந்தது, அதைத் தேடி அழிப்பதே தனி வேலையாயிற்று. கடைசியில் தனிப் பெட்டி ஒன்றைச் செய்துதரும் மென்பொருளைப் பிடித்தாள். வெளியே பார்த்தால் அது ஒற்றை ஃபைல். பாஸ்வேர்டு கொடுத்தால் இன்னொரு டிரைவாக விரியும், மூடினால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது.

"உங்க பூட்டு வாசலுக்கு. அதையும் போடுங்க, நல்லதுதான். என்னோடது பீரோவுக்கு" என்றாள்.

"அதோட பாஸ்வேர்டு என்ன?"

"சொல்லமாட்டேன்."

மெக்கானிக்கின் முகம் சுண்டிப்போனது. "ஏன், நான் என்ன திருடனா?"

"இல்லீங்க. ஆனா அந்தப் பொம்பளைங்க நம்பினது என்னை. நம்ம ரெண்டு பேரையும் இல்ல."

"நீ மறந்துட்டா?"

"மறந்தா எல்லாம் போச்சு. எந்தக் கொம்பனாலும் எடுத்துத் தரமுடியாது. அதனாலதான் மறக்கமாட்டேன்."

மனிதர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் சாப்பிடும்போது, "நாம முதல்ல சேந்து பாத்த சினிமா எதும்மா?" என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சரியான பதிலையே சொன்னாள். அவர் போய் அதைப் பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்த்தார். பெட்டி திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். உட்காரக்கூட விடாமல் தம்பி பிடித்துக்கொண்டார்.

"அக்கா, இவ கம்ப்யூட்டர்ல ஒரு பெட்டி வச்சிருக்கா. தைக்கக் குடுத்தவங்க சமாச்சாரம் எல்லாம் அதுக்குள்ள. நானும் தலைகீழா நின்னு பாத்துட்டேன், அசையல! கட்டின புருஷனுக்கே காட்டமாட்டாளாம். எப்படி என் பொண்டாட்டி?"

குறை சொல்ல ஆரம்பித்தவருக்கு, முடிக்கும்போது மார்பு நிமிர்ந்திருந்தது. தையல்காரிக்கும் உள்ளுக்குள் கர்வம்தான், ஏன் மறைக்கவேண்டும்? நாத்தனார் அவளைப் பார்த்தாள். 'உங்களதும் பத்திரம்' என்பதுபோல் தையல்காரி மெல்லத் தலையசைத்தாள்.

நாத்தனார் உள்ளறைக்குப் போய்ப் புதிதாகத் தைத்ததைப் போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன் வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்தபோது, இத்தனை மாதமாகத் தோளைக் குறுக்கி நடந்தவள் நிமிர்ந்து நடந்தாள்.

"உக்காருடா தம்பி. அந்தப் பெட்டில என்னோடதும் ஒண்ணு இருக்கு. அவ செத்தாலும் சொல்லமாட்டா. அந்தத் தைரியத்துலதான் நானே சொல்றேன். ஆனா நீ அழக்கூடாது."

அவள் சொல்லி முடிப்பதற்குள் மெக்கானிக் தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். அழுதபடியே மனைவி பக்கம் திரும்பி, "என்கிட்டக்கூடச் சொல்லலையே நீ!" என்றார், கையெடுத்துக் கும்பிடாத குறையாக.