பதில் வராவிட்டால்

போனிலிருந்து வயரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகினான் கோவர்தன். மோடம் கீச்சிட்டது. கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா பெருந்தேவி அந்தச் சத்தத்துக்கு முகத்தைச் சுளித்தாள்.

"இன்னிக்குமாடா?"

"அண்ணாவுக்குத்தாம்மா மெயில் போடறேன்."

விடியற்காலையில் அப்பா பாஷ்யம் கண்ணை மூடியதும் முதல் போன் சிங்கப்பூருக்குத்தான் போயிற்று. அண்ணா ப்ரஹ்லாத் அழுதான். பிறகு, "வரப் பாக்கறேண்டா, டிக்கெட் கிடைக்கணுமே" என்றான். அதற்கப்புறம் எத்தனை முறை கூப்பிட்டும் அங்கே போனை எடுப்பாரில்லை. பார்க்கிறேன் என்றால் என்ன கணக்கு? அம்மாவுக்கு அது வருகிறேன். கோவர்தனுக்கு அது ஒன்றுமே இல்லை. சின்ன வயதிலிருந்தே அண்ணா அப்படித்தான், எதற்கெடுத்தாலும் வழவழா கொழகொழா.

அந்த வழவழாவை ஒழிப்பதுதான் கோவர்தனின் பிழைப்பே. இணையத்தில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றோடு எப்படிப் பேசவேண்டும் என்று விதி எழுதும் குழுவில், மெட்ராஸ் கம்பெனியின் சார்பில் அவனும் இருந்தான். தேசத்துக்கு ஒருவராகச் சிதறிக் கிடப்பவர்கள் மெயிலிலேயே சண்டை போட்டு ஒவ்வொரு வார்த்தையாக முடிவு செய்வார்கள். பதிலுக்குக் 'காத்திருப்பது நல்லது' என்று அதில் ஒரு வரி இருந்தது. நல்லது என்று எழுதினால் ஒருத்தன் காத்திருப்பான், இன்னொருத்தன் கம்பி நீட்டுவான் என்று கோவர்தன் மல்லுக்கட்டினான். 'குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் எதிர்முனை இல்லையென்றே கொள்ளவேண்டும்' என்று அதை மாற்ற வைத்தான். பின்லாந்துக்காரர் ஒருவர் மட்டும், நடுவில் வழி அடைபட்டிருந்தாலும் பதில் வராதே என்று விடாமல் முனகிக்கொண்டிருந்தார். அந்த மனுஷனை நினைத்தாலே கோவர்தனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதே கையோடு அண்ணாவுக்கும் எழுதினான். மூன்று மணிக்குள் பதில் வராவிட்டால், அப்பாவை எடுப்பதில் உனக்கு ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்வேன். அனுப்பிவிட்டு, பதில் வந்தால் உடனே தெரியட்டும் என்று இணைப்பை அப்படியே விட்டுவைத்தான். அறுந்துபோனால் மறுபடி போட்டான்.

சித்தப்பா வந்து பக்கத்தில் நின்றார். "கோவர்தனா, தெருவே பட்டினி கிடக்குடா. ஒரு ஆத்துலயும் அடுப்பு மூட்டலை. சாயங்காலம் பெருமாள் புறப்பாடு வேற. இவரை எடுக்காம பெருமாள் இந்தத் தெருவுக்குள்ள எப்படி வருவார்?"

"எனக்கு மட்டும் தெரியாதா சித்தப்பா? வரேன்னோ வரலைன்னோ அவன் ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கட்டுமே."

"பெரியவன் முகம் பாக்காம எடுக்கக்கூடாது" என்றாள் அம்மா. "கொள்ளி அவனோடது."

"அவன் வரேன்னு சொல்லவே இல்லைம்மா."

"பாக்கறேன்னானே."

கோவர்தனுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. படுக்கையில் கிடந்த அப்பாவுக்கு மலஜலம் எடுத்தவன் இவன். கொள்ளி மட்டும் பாக்கறேன்காரனுக்கா? எதிர்வீட்டுக் குழந்தை பசியில் அழ ஆரம்பித்தது. அதன் அம்மா வாசலில் நின்று இந்த வீட்டையே பார்த்தாள். அவன் மெயில் பெட்டியைத் திறந்தான், மூடினான், திறந்தான்.

மூன்று மணி அடித்தது. பெட்டி காலியாகத்தான் இருந்தது.

"எடுத்துடலாம்" என்றான்.

அம்மா அப்பாவின் நெற்றியில் கலைந்திருந்த திருமண்ணை விரல் நுனியால் சரிசெய்தாள். செய்துகொண்டே இருந்தாள். சித்தப்பாதான் அந்தக் கையைப் பிடித்து விலக்க வேண்டியிருந்தது.

வேகவதி ஆற்றங்கரையில் கோவர்தனே கொள்ளி வைத்தான். முழுகிவிட்டு ஈர வேட்டியோடு சித்தப்பாவும் அவனும் திரும்பியபோது, கோயில் பக்கம் நாயனம் கேட்க ஆரம்பித்திருந்தது. வீட்டு வாசலில் ஒரு டாக்சி நின்றது.

ப்ரஹ்லாத் கையில் பெட்டியோடு தெருவிலேயே நின்றுகொண்டிருந்தான். உள்ளே போகவில்லை. வீட்டுக்கு வீடு கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. தாளிக்கிற வாசனை தெரு முழுக்கப் பரவியிருந்தது. இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதற்குமேல் யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"டிக்கெட் கிடைச்சதும் அங்கேருந்து போன் போட்டேன்" என்றான், தம்பியைப் பார்க்காமல். "மீனம்பாக்கத்துல இறங்கி மறுபடி போட்டேன். எங்கேஜ்டாவே இருந்துதேடா."

கோவர்தன் உள்ளே போனான். கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சுவரோரம் உட்கார்ந்து, தரையில் கிடந்த அந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து அதைப் பிடுங்கிப் போனில் செருகினான். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தான். டயல் டோன் தெளிவாகக் கேட்டது.