பூவுக்குள் ஏறிய லிஃப்ட்

உலகத்திலேயே மிகச் சிறிய லிஃப்ட் மேலே ஏறியதைப் பார்த்த ஒரே மெக்கானிக் நான்தான். அதற்குக் கயிறு கிடையாது, மோட்டார் கிடையாது, பொத்தான் கிடையாது. ஒரு பூமொட்டின் அடித்தளத்தில் கிளம்பி, அதன் கழுத்து வழியாக உச்சி மாடிக்குப் போய் நின்றது. உள்ளே மணப்பெண் இருந்தாள். அந்த லிஃப்டுக்கு அவசரப் பிரேக் போட்டுக் கொடுத்தவனும் நானே. போடும்போது ஒரு பூ என்னை முகத்திலேயே சுட்டது. ஏதோ என் ஆயுசு கெட்டி, பிழைத்துக்கொண்டேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். நான் எங்கும் போகப்போவதில்லை. ஓய்வுபெற்றவனுக்கு என்ன அவசரம்?

உண்மையில் அவசரம் முழுவதும் எனக்குத்தான். வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுதுபார்த்துவிட்டு, லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். கையும் சும்மா இருக்காது, காலும் சும்மா இருக்காது. வீட்டில் கழற்ற முடிந்த எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தாயிற்று. மிக்ஸியை மனைவி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய பிறகு, கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்து நடந்து தரையில் தடமே விழுந்துவிட்டது. அதில் மழைத்தண்ணீர் நிற்கிறது என்றால் என் மனைவி மறுப்பாள். அவளை நம்பாதீர்கள்.

பால்கனிக்கு எதிரே ஒரு மாமரம். அதன் கிளைகளில் புல்லுருவி ஏறியிருந்தது. மண்ணில் வேர் வைக்காமல், அடுத்தவன் கிளைக்குள் வேரைச் செருகி, அவன் தண்ணீரை உறிஞ்சி உடம்பை வளர்க்கும் செடி. ஊருக்கெல்லாம் அது களை. என் மருமகளுக்கு மட்டும் அது உயிர். அவள் பல்கலைக்கழகத்தில் தாவர உடற்கூறு ஆராய்ச்சி செய்கிறாள். அந்தப் புல்லுருவியின் மொட்டு எப்படி உருவாகிறது, உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் அவளுடைய பல வருட உழைப்பு. மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். வரும்போதெல்லாம் மனைவியைப் பார்க்கிறானோ இல்லையோ, மொட்டைப் பார்த்தாக வேண்டும்.

அந்தச் சமயத்தில் சம்பந்தி, அதாவது மருமகளின் அப்பா, தன் வீட்டுக் கூரை ஒழுகுகிறதென்று எங்களிடம் வந்து தங்கியிருந்தார். காப்பீட்டு நிறுவனத்தில் சேதம் மதிப்பிட்டு ஓய்வுபெற்றவர். எரிந்த கிடங்கின் நடுவே சாம்பலில் நின்றுகொண்டு, "தீ பிடிச்சதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டவர். அதனால் எங்கள் குடும்பத்தில் அவருக்கு 'ஆதாரம்' என்றே பெயர்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மருமகள் தட்டையே வெறித்துக்கொண்டிருந்தாள். ஒரு பருக்கைகூட உள்ளே போகவில்லை.

"என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"என் ஆய்வேட்டுல மொட்டு பத்தின அத்தியாயத்தை எடுத்துடச் சொல்லிட்டாங்க மாமா."

"யாரு?"

"ஆய்வேட்டைப் படிச்சு மதிப்பிடுற பரிசோதகர். நான் காட்டினது எல்லாம் வேற வேற மொட்டுலேர்ந்து எடுத்த துண்டுகளாம். அடி ஒரு மொட்டு, நடு ஒரு மொட்டு, உச்சி ஒரு மொட்டு. ஒட்டிவச்சுக் கதை சொல்றேனாம். ஒரே மொட்டுல முழுசா காட்டணும். அடுத்த கூட்டத்துக்குள்ள காட்டலைன்னா அத்தியாயம் போச்சு. அது போனா மிச்சத்துல ஒண்ணுமே இல்ல."

"அவர் கேக்கிறது நியாயம்தானே?" என்றார் சம்பந்தி.

"அப்பா!"

"துண்டு துண்டா ஒட்டிவச்சா நானும்தான் நம்ப மாட்டேன். சரி, அப்படி என்னத்தைத்தான் சொல்ற நீ?"

அவள் ஒரு முருங்கைக்காய்த் துண்டை நிமிர்த்தி வைத்துக்கொண்டு விளக்கினாள். "சாதாரணப் பூவுல மகரந்தம் உச்சியில வந்து விழும். அதுலேர்ந்து ஒரு குழாய் கழுத்து வழியா இறங்கி, அடியில சூல் இருக்கிற இடத்துக்குப் போகும். இந்தச் செடியில சூல்னு தனியா ஒண்ணே கிடையாதுப்பா. அடியில சின்னதா ஒரு மேடு இருக்கும், அவ்வளவுதான். முட்டை இருக்கிற பை, அதை நாங்க கருப்பைன்னு சொல்லுவோம், அது அந்த மேட்டுலேர்ந்து தானே நீண்டு கழுத்துக்குள்ள ஏற ஆரம்பிக்கும். ஒண்ணு இல்ல, பல. அதுல ஒண்ணு உச்சிவரைக்கும் போயிடுதுன்னு நான் சொல்றேன்."

"புரிஞ்சுபோச்சு," என்றேன். "மாப்பிள்ளை இறங்கி வர்ற வரைக்கும் பொண்ணு காத்திருக்க மாட்டா. லிஃப்ட் பிடிச்சு மேலே போயிடுவா."

சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க பக்கத்துப் பொண்ணுங்க அப்படியெல்லாம் ஏறிப் போக மாட்டாங்க."

"உங்க பொண்ணுதான் சம்பந்தி என் பையன்கிட்ட முதல்ல பேசினது."

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?" என்றாள் மருமகள். அவள் கண் கலங்கியிருந்தது. 

சிக்கல் இதுதான். அந்தக் கருப்பை உச்சிக்கு ஏறி முடிப்பது, மொட்டு நன்றாக முற்றிய பிறகு. முற்றிய மொட்டோ ஒரு கண்ணிவெடி. இதழ்கள் விளிம்போடு விளிம்பு ஒட்டி, உள்ளே முறுக்கேறி நிற்கும். தேன்சிட்டு அலகால் லேசாகத் தொட்டால் போதும், பட்டென்று வெடித்து மகரந்தத்தைப் பறவையின் மூஞ்சியில் தூவிவிடும். மருமகளின் இடுக்கி பட்டாலும் அதே கதைதான். வெடித்த வேகத்தில் உள்ளிருக்கும் கழுத்து வளைந்துபோகும், இல்லை ஒடிந்துபோகும். நுண்ணோக்கியில் பார்க்க மொட்டை நீளவாக்கில் மெல்லிசாகச் சீவ வேண்டும்; வளைந்ததை நேர்கோட்டில் சீவ முடியாது. இளம் மொட்டைப் பறித்தால் வெடிக்காது, ஆனால் உள்ளே லிஃப்ட் பாதி மாடியில்தான் நிற்கும்.

இதற்கு மேல் இன்னொரு இடி. மரம் பட்டுப்போகிறதென்று குடியிருப்போர் சங்கம் முடிவெடுத்து, புல்லுருவியை வெட்டத் தோட்டக்காரரைப் பிடித்திருந்தது. அவர் எந்த நாள் காலையிலும் அரிவாளோடு வரலாம்.

சம்பந்தி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "பூ வெடிக்குதாம். நல்ல கதை. அப்படி வெடிச்சா கயித்தால கட்டிப் போட வேண்டியதுதானே?"

நக்கலுக்குத்தான் சொன்னார். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். நாற்காலி பால்கனி வரைக்கும் போய் விழுந்தது. மருமகளும் எழுந்துவிட்டாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"மாமா, நூல்!"

"தையல் நூல்!"

"முத்துறதுக்கு முன்னாடியே கட்டிடணும். கட்டினபடியே முத்தட்டும்!"

சம்பந்தி என் மனைவியைப் பார்த்தார். "இந்த வீட்டுல எல்லாருமே இப்படித்தானா?"

"முன்னாடி ஒண்ணுதான். நீங்க கொடுத்த பொண்ணு வந்த பிறகு ரெண்டாயிடுச்சு," என்றாள் அவள்.

மறுநாள் காலை ஏணி போட்டேன். அந்த ஏணியின் உயரத்தைச் சொன்னால் விமான நிலையத்தில் அனுமதி வாங்கினீர்களா என்று கேட்பீர்கள், விட்டுவிடுகிறேன். சம்பந்தி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். மருமகள் பால்கனியிலிருந்து, "அது இல்ல மாமா, பக்கத்துல, இன்னும் சிவப்பா இருக்கே, அதுதான்" என்று வழிகாட்டினாள். ஒவ்வொரு மொட்டின் வாயையும் சிவப்பு நூலால் ஒரு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன்.

ஒரு தேன்சிட்டு வந்து என் காதருகே நின்று திட்டியது. நான் அதன் கடையைப் பூட்டிக்கொண்டிருக்கிறேன் அல்லவா? அதை விரட்டக் கையை வீசினேன். முழங்கை ஒரு முற்றிய மொட்டில் பட்டது. பட்! கண், மூக்கு, வாய் எல்லாம் மஞ்சள் தூள். ஏணி ஆடியது.

"சம்பந்தி! சுட்டுடுச்சு! பார்த்தீங்களா?"

"பார்க்கல. நான் ஏணிக்காலைப் பார்த்துட்டு இருந்தேன்."

"என் மூஞ்சியைப் பாருங்க!"

"மூஞ்சியில தூசி இருக்கு. அது வெடிச்சதுக்கு ஆதாரம் இல்லையே."

இனி அந்தப் பிரேக் விஷயம். லிஃப்ட் மெக்கானிக் எவனும் ஒற்றைக் கயிற்றை நம்ப மாட்டான். ஒன்று அறுந்தால் இன்னொன்று பிடிக்க வேண்டும். தொழிலில் இது சட்டம், எனக்கு ரத்தத்தில் ஊறிய குணம். ஆகவே ஒவ்வொரு நூலுக்கும் கீழே இரண்டாவதாக ஒரு கட்டுப் போட்டேன். நூல் தடிமனாக இருந்து மொட்டை நசுக்கிவிடக்கூடாதே என்று, மனைவியின் சீப்பிலிருந்து எடுத்துவந்த நரைமுடியால் கட்டினேன். மருமகளிடம் சொல்லத் தோன்றவில்லை. பிரேக் இருக்கிறதென்று லிஃப்டில் ஏறுகிறவர்களிடம் யார் சொல்கிறார்கள்?

மொட்டுகள் முற்ற வேண்டும். அதுவரை யாராலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மருமகள் பால்கனியில் நின்றாள், உள்ளே வந்தாள், மறுபடி போனாள். நான் அவளுக்கு எதிர்த்திசையில் நடந்தேன். கூடத்தின் நடுவில் மோதிக்கொண்டோம். மொட்டுகளைப் பறிக்க வேண்டிய நாளன்று காலையில் தோட்டக்காரர் வந்து நின்றார்.

மருமகள் பால்கனியிலிருந்து ஓடி வந்தாள். "மாமா, இன்னும் மத்தியானம் வரைக்குமாவது இருக்கணும்."

நான் கெஞ்சுவதற்குக் கீழே ஓடினேன். எனக்கு முன்னால் சம்பந்தி அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"மரத்துல ஏறப்போறீங்களா? விழுந்தா யார் பொறுப்பு?"

"நான் விழ மாட்டேங்க. நிறைய மரம் ஏறியிருக்கேன்."

"ஏறினதுக்கு ஆதாரம்?"

"என்னது?"

"கீழே நிக்கிற காருங்க மேல கிளை விழுந்தா? அரிவாள் யாருது? பிடி ஆடுதே, கடைசியா எப்ப சோதிச்சீங்க? கயிறைக் காட்டுங்க பார்ப்போம்."

தோட்டக்காரர் பதில் சொன்னார். ஒவ்வொரு பதிலுக்கும் சம்பந்தியிடம் பத்துக் கேள்விகள் இருந்தன. கடைசியில் அந்த மனிதர், "மரம் எப்படியோ போகட்டும், நான் நாளைக்கு வரேன்" என்று மிதிவண்டியை எடுத்தார். அவருக்கு அன்றே தலைமுடி கொட்டிவிட்டதாகக் கேள்வி.

"எங்களுக்காகத்தானே சம்பந்தி?" என்றேன், நெகிழ்ந்துபோய்.

"பிடி நிஜமாவே ஆடுச்சு," என்றார் அவர்.

மத்தியானம் மொட்டுகளைப் பறித்தோம். ஒன்றுகூட வெடிக்கவில்லை. நேராகப் பதப்படுத்தும் திரவத்துக்குள் போட்டாள். செல்கள் செத்துவிட்டால் முறுக்கும் செத்துவிடும். பிறகு சிவப்பு நூல்களை அவிழ்த்தாள். ஆய்வகத்தில் ஆல்கஹாலில் ஊறவைத்து, உருகிய மெழுகில் பதித்து, கட்டிகளாக உறையவைத்தாள். அத்தனை நாளும் எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் பின்னோக்கி ஓடியது.

சீவுகிற நாளில் நானும் சம்பந்தியும் ஆய்வகத்துக்குப் போனோம். மைக்ரோடோம் என்ற இயந்திரத்தின் சக்கரத்தை அவள் சுற்றச் சுற்ற, கட்டி கத்தியில் உரசி, மெழுகு நாடாவாக வழிந்தது. மூச்சு விட்டால் பறக்கும் மெலிது. திடீரென்று 'கீச்' என்றது. நாடா நெடுக்கே கிழிந்தது.

அடுத்த கட்டி. அதே இடத்தில் அதே கிழிசல். அடுத்ததும் அப்படியே.

"கத்தியில பிசிறு இல்ல. மணலும் இல்ல," என்றாள். மிச்சம் ஒரே ஒரு கட்டி இருந்தது. "என்னதான் இருக்கு உள்ளே?"

எனக்குள் லிஃப்ட் அறுந்து விழுந்தது.

"அம்மா, அது... பிரேக்கும்மா."

"என்ன பிரேக்?"

"உங்க அத்தை முடி."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி உயரமாகிவிட்டேன். இன்றுவரை முழுசாக வளரவில்லை. வெள்ளை மெழுகுக்குள் வெள்ளை முடி, யார் கண்ணுக்குத் தெரியும்?

அவள் கடைசிக் கட்டியை உருக்கி மொட்டை வெளியே எடுத்தாள். ஊசியோடு குனிந்தாள், முடிச்சு அவள் கண்ணில் படவில்லை; என் கண்ணிலும் படவில்லை. சம்பந்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தள்ளுங்க" என்றார். சாம்பலில் துழாவிப் பழகிய கை. பூதக்கண்ணாடிக்கடியில் ஊசிமுனையால் முடிச்சைத் தேடிப் பிடித்து, அவிழ்த்து, முடியை உருவி எடுத்தார். முடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சம்பந்தியம்மாளுடையதுதான்" என்று அதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

மறுபடி மெழுகு, மறுபடி உறையவைத்தல், மறுபடி சக்கரம். இந்தமுறை நாடா கிழியவில்லை. சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு ஒதுங்கி நின்று என்னைக் கூப்பிட்டாள்.

அதைத்தான் பார்த்தேன். அடியிலிருந்த மேட்டிலிருந்து பல கோடுகள் கிளம்பின. சில பாதியில் களைத்து நின்றன. ஒன்று மட்டும், மெல்லிய ஒற்றைக் கோடாக, கழுத்தின் நடுவே நேராக ஏறி, உச்சிக்கு அடியில் போய் நின்றது. ஒரே மொட்டு. முழு மொட்டு.

"அப்பா, நீங்க பாருங்க," என்றாள்.

சம்பந்தி குனிந்தார்.

"இது வேற மொட்டு இல்லையே?"

"இல்லப்பா."

"ஒட்டினது?"

"ஒரே நாடாப்பா."

"இதழோட ரெண்டு பக்கமும் ஒரு பள்ளம் தெரியுதே, என்ன அது?"

அவள் மறுபடி குனிந்து பார்த்தாள். "முடி அழுத்தின தடம்ப்பா."

"நான் எடுத்தேனே, அந்த முடியா?"

"அதேதான்."

அவர் மீண்டும் கண்ணை வைத்தார். விரலால் மேசையில் அடியிலிருந்து மேலே ஒரு கோடு இழுத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்னைப் பார்க்காமல், மகளைப் பார்த்துச் சொன்னார்.

"அந்தப் பரிசோதகர் வர்ற அன்னிக்கு நானும் வரேன். ஏறித்தான் இருக்கா. உச்சிவரைக்கும் ஏறியிருக்கா. நானே பார்த்தேன்."