சுடத் தெரியாத அணி

பங்காரப்பேட்டை ஸ்டேஷன் படிக்கட்டில் வழுக்கி விழுந்ததில் டீனாவுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. இரண்டு மாதம் காலை ஊன்றக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். பெங்களூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் அவளுக்கு பில் போடும் வேலை. ஒன்பது வருடமாக கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸிலிருந்து காலை ரயிலில் போய்வந்தவளுக்கு வீட்டில் பொழுது நகரவில்லை. அம்மா டெய்சி சீக்கிரமே பள்ளிக்கூட வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.

போனில் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஒன்று இருந்தது. நான்கு பேர் ஓர் அணி. பாராசூட்டில் ஒரு தீவில் இறங்கி, மற்ற அணிகளைச் சுட்டு வீழ்த்தி, கடைசிவரை மிஞ்ச வேண்டும். டீனா அதில் கெட்டிக்காரி. வாரக் கடைசியில் பிரதாப் என்பவனின் அணியில் ஆடுவாள். யாருடைய முகத்தையும் பார்த்ததில்லை. அடிபட்டு விழுந்தவரைத் தூக்கி மறுபடி ஆடவைக்க அந்த அணியில் யாரும் திரும்பி ஓட மாட்டார்கள். ஜெயிக்க அதுதான் வழி. டீனாவும் யாருக்காகவும் திரும்பியதில்லை.

மாவுக்கட்டுப் போட்ட நான்காம் நாள் காலை ரயிலிலிருந்து வாணி கூப்பிட்டாள்.

“டீனா, அந்த சுடுற கேம நாங்க மூணு பேரும் ஏத்திட்டோம்டி. உள்ள வந்து இன்னா அமுக்கணும்?”

மூன்று பேர் என்றால் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் தினமும் டீனாவோடு உட்கார்ந்து போகிறவர்கள்: வாணி, நர்ஸ் அமலா, கார்மென்ட்ஸில் தைக்கும் ஐம்பத்திரண்டு வயது குணசுந்தரி அக்கா.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஆட்டம். அமலா ஒவ்வொரு தடவையும் கடலில் போய் இறங்குவாள்; நீந்திக் கரை சேர்வதற்குள் ஆட்டமே முடிந்துபோகும். வாணி எதிரியைக் கண்டால் “அய்யோ, சாரி சாரி” என்று ஏதாவது வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வாள். குணசுந்தரி அக்கா டீனாவின் பின்னாலேயே ஓடிவருவாள். கொஞ்சம் தள்ளிப் போனால், “டீனா, எங்க கீற?” என்று குரல் வரும். மாலூர் தாண்டினால் சிக்னல் போய் மூன்று பேரும் நின்ற இடத்தில் சிலையாகிவிடுவார்கள். டீனா ஒருத்தியாகச் சுற்றிச் சுற்றிக் காவல் காப்பாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு வயிறு வலிக்கும்.

மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, எப்படியோ நான்கு பேரும் கடைசிவரை உயிரோடு இருந்தார்கள். பாக்கி ஒரே ஓர் எதிரணி. மேட்டின் மேல் ஏறிவிட்டால் போதும். ஏறும்போது டீனாமேல் குண்டு பாய்ந்தது. மண்டியிட்டு விழுந்தாள்.

“யாரும் வராதீங்க! மேல ஓடுங்க, ஜெயிச்சிடலாம்!”

“வாய மூடு,” என்றாள் குணசுந்தரி அக்கா. “காலு ஒடஞ்ச பொண்ண வுட்டுட்டு நாங்க போய் இன்னா பண்றது?”

“அக்கா, அது வேற கால். இது கேம்…”

“எல்லாம் தெரியும். அசையாம இரு.”

மூன்று பேரும் மேட்டிலிருந்து இறங்கி ஓடிவந்தார்கள். அக்கா பக்கத்தில் குந்தி அவளைத் தூக்கத் தொடங்கினாள். அதற்குப் பத்து விநாடி ஆகும். வாணியும் அமலாவும் காவலுக்கு நின்றார்கள், எதிரிக்கு முதுகைக் காட்டி, டீனாவைப் பார்த்தபடி. எட்டாவது விநாடியில் நான்கு பேரும் செத்தார்கள்.

“ரெண்டாவது எடம்டி!” என்று ரயிலில் வாணி கத்தினாள்.

டீனா மைக்கை அணைத்துவிட்டு அழுதாள். விழுந்த நாளில்கூட அவள் அழவில்லை.

சனிக்கிழமை பிரதாப் செய்தி அனுப்பினான்: நாளை பதினோரு மணிக்குப் போட்டி, கட்டாயம் வா. ‘முடியாது, வீட்டுக்கு ஃப்ரெண்ட்ஸ் வராங்க’ என்று பதில் போட்டாள்.

மறுநாள் மூன்று பேரும் சிக்கன் குழம்போடு வந்தார்கள். சாப்பிட்ட பிறகு டீனா, “போன காட்டுங்கக்கா, சுடக் கத்துத்தரேன்,” என்றாள். போனைக் கையில் வாங்கியவள் திகைத்துப்போனாள். திரையின் வலது ஓரம் நொறுங்கியிருந்தது. சுடும் பட்டன் இருக்கும் இடமே அதுதான்.

“அந்த எடத்துல தொட்டா ஒண்ணும் ஆவாதும்மா,” என்றாள் அக்கா.

“அப்புறம் எதுக்குக்கா தெனமும் வந்தீங்க?”

“நீ பேசுவியே. அதான் வந்தேன்.”

டீனா செட்டிங்கில் போய்ப் பட்டனை இடது பக்கம் நகர்த்திவைத்தாள்.

திங்கட்கிழமை காலை, தீவில் இறங்கியதும் குணசுந்தரி அக்கா முதல் தடவையாகச் சுட்டாள், ஒரு மரத்தை. பிறகு பக்கத்து மரத்தை. போனில் ரயில் பெட்டி முழுக்கக் கைதட்டும் சத்தம் கேட்டது. டீனாவும் கட்டிலில் உட்கார்ந்தபடி கைதட்டினாள்.