வேகாத மீன்

மெஸ்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம். சாப்பாடு சரியில்லையென்றால் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டார். சம்பந்தி வீட்டு விருந்தானாலும் உப்பு குறைந்தால் குறைந்தது என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவுவார். பாதி ஆயுள் மெஸ் நடத்திய வாய். அதற்குப் பூட்டுப் போட அவர் மனைவியாலேயே முடியவில்லை.

மகளைப் பார்க்கக் கடல் தாண்டி வந்தவர்கள் மறுநாள் காலை ஊர் திரும்ப வேண்டும். வீட்டில் இடம் பத்தாது என்று மாப்பிள்ளை அவர்களை லாட்ஜில் தங்கவைத்திருந்தார். வந்த நாளிலிருந்து மகளோடு தனியாக நாலு வார்த்தை பேச வாய்க்கவில்லை. கடைக்குப் போனாலும் பூங்காவுக்குப் போனாலும் மாப்பிள்ளை கூடவே வந்தார். "லீவு போட்டுட்டு நம்ம பின்னாலயே அலையறாரு பாருங்க, தங்கமான பிள்ளை" என்று மனைவி பூரித்துப்போனாள். மெஸ்காரரும் அப்படித்தான் நினைத்தார். நாமாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

கடைசி நாள் சாப்பாட்டுக்கு மாப்பிள்ளை காரில் வந்து அழைத்துப் போனார். "நானே தேடிப் புடிச்ச ரெஸ்டாரண்ட் மாமா. இங்க டேபிள் கிடைக்கறதே கஷ்டம்."

உள்ளே இவர்களைத் தவிர ஈ காக்கை இல்லை. வெளியே வெயில் இன்னும் அடங்கவில்லை. உள்ளே பாதித் திரை இழுத்து, எல்லா மேசையிலும் வெள்ளைத் துணி விரித்து, யாருக்கோ காத்திருந்தார்கள். பரிமாறியவர் துக்க வீட்டுக்கு வந்தவர் போல நின்றார். சூப் ஆறியிருந்தது. ரொட்டியைப் பிய்க்க இரண்டு கை தேவைப்பட்டது.

"வெந்நீர்ல மாவு கரைச்சு ஆற வெச்சிருக்கான். இதுக்கா டேபிள் கிடைக்கல?" என்றார் மெஸ்காரர். மனைவி சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார். மகள் மட்டும் தலை நிமிராமல் சூப்பைக் குடித்து முடித்தாள்.

அடுத்து மீன் வந்தது. மேலே பொன்னிறம். முள்கரண்டியால் பிளந்தால் நடுவே பச்சை மாமிசம் கண்ணாடி போலப் பளபளத்தது. மெஸ்காரருக்குப் பொறுக்கவில்லை. பரிமாறுகிறவரைக் கைதட்டிக் கூப்பிட்டு, தட்டைக் காட்டி, நீந்துவதுபோல் கையை ஆட்டிக் காண்பித்தார். "இன்னும் உசுரோட இருக்குய்யா."

மாப்பிள்ளை கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. மகள் பக்கம் திரும்பினார்.

"அப்பாவுக்குப் புடிக்கலையாம். நீதானே இந்த இடம்னு சொன்ன?"

"ஆமாங்க. நான்தான் சொன்னேன். என் தப்புதான்."

மெஸ்காரரின் வாய் திறந்தபடியே நின்றுபோனது. நானே தேடிப் பிடித்த இடம் என்று காரில் மாப்பிள்ளை சொன்னபோது மகளும் பக்கத்தில்தானே இருந்தாள்.

"காசு குடுத்தது வீணாகக் கூடாதில்ல" என்று சொல்லி மாப்பிள்ளை மாமனாரின் தட்டை எடுத்துத் தன் மனைவி முன்னால் நகர்த்தினார். "சாப்பிடு."

சின்ன வயதிலிருந்தே மீன் வாடை பட்டால் எழுந்து ஓடுகிறவள் அவள். மெஸ்ஸில் மீன் வைக்கும் நாளில் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே சித்தி வீட்டுக்குப் போய்விடுவாள். அவள் இப்போது தன் தட்டை வழித்து முடித்துவிட்டு அந்தப் பச்சை மீனை மெல்லாமல் விழுங்கினாள். பசித்தவர்கள் சாப்பிட்டு மெஸ்காரர் பார்த்திருக்கிறார். இப்படி யாரும் சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை.

"இங்க குடும்மா. நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்தார். மிச்சத்தை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. ரொம்ப நல்லா இருக்கு."

ஆயுசில் முதல் தடவையாக ஒரு சாப்பாட்டைப் பற்றிப் பொய் சொன்னார்.

"பரவால்ல மாமா. வீட்டுக்குப் போய் நாங்க பேசிக்கறோம்" என்றார் மாப்பிள்ளை. மகள் கரண்டியை ஓசைப்படாமல் தட்டில் வைத்தாள். மெஸ்காரரின் மனைவி பரிமாறுகிறவரிடம் பல்குத்தும் குச்சி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எதையும் கவனிக்கவில்லை.

காரில் திரும்பும்போது மெஸ்காரர் மகளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து அவள் பின்னங்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். என் வாய்க்கு இவள் அடி வாங்கப் போகிறாள் என்ற நினைப்பு அவரைத் தின்றது. லாட்ஜ் வாசலில் கார் நின்றதும் மனைவி இறங்கினாள். இவர் இறங்கவில்லை.

"மாமா, லாட்ஜ் வந்துருச்சு."

"தெரியுது மாப்பிள்ளை. இன்னிக்கு உங்க வீட்ல படுத்துக்கறேன்."

"வீட்ல இடம் இல்லையே. காலைல ஃப்ளைட் வேற இருக்கு."

"தரை இருக்குமில்ல. ஃப்ளைட் போனா போகட்டும்."

மாப்பிள்ளை இன்ஜினை நிறுத்தினார். சிரிப்பு போய்விட்டது. திரும்பி மாமனாரைப் பார்க்காமல் பக்கத்திலிருந்த மனைவியைப் பார்த்தார்.

"இறங்குங்கப்பா" என்றாள் மகள், நேரே முன்னால் பார்த்தபடி. "எனக்கு ஒண்ணுமில்ல. இறங்கிடுங்க."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே சீட்டுக்கும் கதவுக்கும் நடுவிலிருந்த சந்து வழியாக, மாப்பிள்ளை கண்ணுக்குப் படாமல், அவள் கை பின்னால் வந்தது. அப்பாவின் வேட்டியைத் தேடி, முழங்காலருகே கொத்தாகப் பிடித்து, விடாமல் இறுக்கிக்கொண்டது.

"வண்டிய எடுங்க மாப்பிள்ளை" என்றார் மெஸ்காரர்.