மேற்கு ஜன்னலில் காலை வெயில்

அந்த வீட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்துதான் கொலை செய்தார்கள். அவர் ஆளைத் தேர்ந்தெடுப்பார், இடம் பார்ப்பார், விஷமா கத்தியா என்று முடிவு செய்வார். அவள் அதைத் தட்டச்சு செய்வாள். பத்தொன்பது வருஷத்தில் இப்படி நாற்பத்தொரு துப்பறியும் நாவல்கள்.

இன்றைக்குக் குற்றக்கதை எழுதிக் கொடிகட்டிப் பறக்கிறவர்களில் பாதிப் பேர் அவர் போட்ட பாதையில் நடப்பவர்கள்தான். கொலைகாரன் மூன்றாம் அத்தியாயத்துக்குள் தலையைக் காட்டிவிட வேண்டும். கடைசிப் பக்கத்தில் இரட்டைப் பிறவியைக் கொண்டுவந்து நிறுத்தக் கூடாது. எல்லாம் அவர் வகுத்த சட்டம். அடுத்தவர் நாவலில் ஒரு பிசகு கண்ணில் பட்டுவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. ஒரு தபால் அட்டையை எடுத்து, ஓட்டை இன்ன பக்கத்தில் இருக்கிறது என்று எழுதிய பிறகுதான் சாப்பிட உட்காருவார். பதிப்பகத்தில் அவருக்கு ‘ஓட்டை’ என்றே பட்டப்பெயர். முகத்துக்கு நேரே மட்டும் ‘சார்’.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் காலை இரண்டு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு, “கொஞ்ச நாள் வெளியூர் போயிட்டு வரேன்” என்று கிளம்பினார். சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. அடுத்த மாதம் ஒரு கடிதம் வந்தது: ‘நலம். தேடாதே.’ அவ்வளவுதான். நாற்பத்தொரு கொலைக்குக் காரணம் சொன்னவர், இதற்கு ஒரு காரணம் சொல்லவில்லை.

ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பதிப்பாளர் வந்தார். “தங்கச்சி, அவரோட நடை உனக்குத்தான் அத்துப்படி. அவர் பேர்லயே நீ எழுதேன்” என்றார். அவருக்கு வியாபாரம் நடக்க வேண்டும். அவள் சம்மதித்த காரணமே வேறு.

முதல் நாவலில் நாயகி படுத்திருக்கும் அறையில் ஒரே ஒரு ஜன்னல், மேற்கு பார்த்தது. ஏழு அத்தியாயம் தள்ளி, அதே ஜன்னல் வழியாகக் காலை வெயில் அவள் முகத்தில் அடிக்கும். தெரிந்தேதான் எழுதினாள். உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அவர் துப்பறியும் நாவல் படிக்காமல் இருக்க மாட்டார், படித்தால் இந்த வெயிலைப் பொறுக்க மாட்டார், தபால் அட்டையை எடுத்தே தீருவார். இதுதான் அவள் கணக்கு. அவளுக்கு அவர் வேண்டும். திட்டியாவது ஒரு வரி வேண்டும்.

வாசகர் கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்தன. துப்பறிகிறவனுக்கு எப்போது கல்யாணம் என்று கேட்டார்கள். கொலைகாரன் நல்லவனாயிற்றே என்று அழுதார்கள். வெயிலைப் பற்றி ஒருத்தர் வாய் திறக்கவில்லை. அடுத்த நாவலில் காலையில் மழுமழுவென்று சவரம் செய்தவனை மாலையில் தாடியைத் தடவ வைத்தாள். அதற்கும் மூச்சு இல்லை. இப்படியே வருஷத்துக்கு ஒன்றாக ஏழு நாவல், ஏழு ஓட்டை. ஒவ்வொரு தடவையும் கடிதக் கட்டைப் பிரித்து, அவர் கையெழுத்து இருக்கிறதா என்று ஒன்றுவிடாமல் தேடுவாள்.

எட்டாம் வருஷம் அந்த அட்டை வந்தது. பதிப்பாளர்தான் நேரில் கொண்டுவந்து கொடுத்தார். கையெழுத்து அவருடையது. அவள் நின்றபடியே படித்தாள்.

ஏழு நாவலின் பெயரும், பக்க எண்ணும், ஓட்டையும் ஒன்றுவிடாமல் இருந்தன. கீழே நாலே வரி. ‘ஏழையும் வெளிவந்த வாரமே படித்தேன். வேண்டுமென்றே விடுகிறாய் என்று இரண்டாவதிலேயே தெரிந்துவிட்டது. நடை என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. இனி ஓட்டை வேண்டாம்.’

உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷம்தான் முதலில் வந்தது, பொய் சொல்லக் கூடாது. அதன் பிறகுதான் மற்றது உறைத்தது. ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறாள். ஏழு தடவையும் அவர் காதில் விழுந்திருக்கிறது. இந்த மனுஷன் ஏழு தடவையும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறார். அவள் விம்மி விம்மி அழுதாள். பதிப்பாளர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார்.

“தபால் முத்திரை தெளிவா இருக்கு தங்கச்சி. சின்ன ஊருதான். நான் போய் விசாரிச்சுட்டு வரட்டுமா?”

“வேண்டாம்ணே,” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “தொலைஞ்சு போனவங்களைத்தான் தேடணும். இவரு எங்கண்ணே தொலைஞ்சாரு?”

பதிப்பாளர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஆறு மாதத்தில் எட்டாவது நாவல் அச்சுக்குத் தயாரானது. இந்த முறை பதிப்பாளர் தானே உட்கார்ந்து மெய்ப்பு பார்த்தார். ஏழு ஓட்டையைக் கோட்டைவிட்ட பிறகு கண் கூர்மையாகிவிட்டது அவருக்கு. மறுநாளே தாள்களை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

“தங்கச்சி, தொண்ணூத்தாறாம் பக்கம். வண்டிக்காரன் இடது கையிலதானே கட்டுப் போட்டிருந்தான்? இங்க அதே கையால குதிரையை அடக்குறானே. மறந்துட்டியா?”

“மறக்கலைண்ணே.”

“அவருதான் வேண்டாம்னு எழுதிட்டாரேம்மா. எத்தனை விட்டாலும் அவரு வரப்போறதில்ல. திருத்திடட்டுமா?”

அவள் தாள்களை வாங்கி அடுக்கி, அப்படியே அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

“இருக்கட்டும்ணே. வரமாட்டாரு, எனக்கும் தெரியும். ஆனா அந்தப் பக்கத்தைப் படிக்கிறப்போ ஒரு நிமிஷம் என்னை நினைப்பாருல்ல.”