பத்திரமாக வைத்திருந்த சிடி

அவள் வீட்டுக்காரருக்கு எதையும் தூக்கிப்போட மனசு வராது. அதுவாவது தொலையட்டும். சும்மா கிடைக்கிறது என்றால் எதையும் விடமாட்டார். முந்தின நாள் சாயங்காலம், புதிய இயங்குதளம் இலவசம் என்று கடைக் கம்ப்யூட்டரில் ஒரு வரி வந்திருக்கிறது. காதுக்கருவிக் கடையை நடத்துகிற மனைவியை ஒரு வார்த்தை கேட்காமல் மனிதர் அதை ஏற்றிவைத்துவிட்டார்.

காலை ஒன்பதரைக்கு பஸ் கண்டக்டர் வந்து உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர். பழைய கருவி போதாமல் போய்ப் புதிது வாங்கியிருந்தார். அதை அவர் காதுக்குத் தக்கபடி கம்ப்யூட்டரில் சரிசெய்து மாட்டவேண்டும். பன்னிரண்டு மணிக்கு ஆபீசில் செவிப் பரிசோதனை. தேறாவிட்டால் பஸ்ஸிலிருந்து இறக்கி குடோனில் உட்காரவைத்துவிடுவார்கள்.

"குடோன்ல என்கூட யாரு பேசுவா தங்கச்சி? டயர்தான் இருக்கும்" என்றார் அவர்.

கருவியைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் சின்னப் பெட்டியை அவள் சொருகினாள். திரை முழுக்க நீலமாகி, கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழுந்தது. மறுபடி சொருகினாள். மறுபடி நீலம்.

மூன்றாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு அந்த நீலத் திரையைப் படித்தாள். அடியில் ஒரு பெயர் இருந்தது. பெட்டியும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள உதவுகிற டிரைவர் மென்பொருள்தான் அது. பழைய இயங்குதளத்துக்காக எழுதியது, புதியதோடு ஒத்துப்போகவில்லை. அப்பாடா, ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டரைப் சேஃப் மோடு என்கிற பாதுகாப்பு முறையில் திறந்து அதை நீக்கினாள். பெட்டியைச் செய்த கம்பெனியின் இணையதளத்திலிருந்து புது டிரைவரை இறக்கிப் போட்டாள். பிறகு கண்டக்டரை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் காதைச் சுத்தம் செய்தாள்.

திரும்பி வந்து சொருகினால், நீலம். அடியில் அதே பழைய பெயர்.

மணி பத்தே முக்கால். நீக்கினது எப்படித் திரும்பி வந்தது? நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக்காரர் ஒரு சிடியை விளிம்பில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"நீ தெரியாம அழிச்சிட்டேன்னு நெனச்சேன். நான்தான் திரும்பப் போட்டேன். பெட்டியோட வந்த ஒரிஜினல். ஏழு வருஷமா பத்திரமா வெச்சிருக்கேன்."

"கையை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டீங்களா? ஒரு மனுஷனோட பொழப்பு போகப்போகுது, இவருக்கு ஒரிஜினல்!"

அதோடு விடவில்லை. கல்யாணத்தன்று போட்ட செருப்பை இன்னும் பரணில் வைத்திருப்பதுவரை போனாள். காது கேளாத கண்டக்டர் எதிரே உட்கார்ந்து சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரரிடமிருந்து சிடியைப் பிடுங்கிக் கண்டக்டர் கையில் திணித்து, அவர் பார்க்கும்படி நிதானமாகச் சொன்னாள்: "அவர் கேட்டா குடுக்காதீங்க." அவர் அதைத் தோள்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார்.

மறுபடி நீக்கி, மறுபடி புதியதைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொருகினாள். திரை அப்படியே நின்றது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அம்மாடி என்று நாற்காலியில் சாய்ந்தாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

பதினொன்றரைக்குக் கருவி கண்டக்டர் காதில் ஏறியது. அவரை ஆபீசில் கொண்டுபோய் விட வீட்டுக்காரர் தானாகவே போய் ஸ்கூட்டரை எடுத்தார். "பார்த்துப் போங்க" என்றாள் அவள் வீட்டுக்காரரிடம், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே.

முக்கால் மணி நேரமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. கண்டக்டர் நம்பர். எப்போதும் எழுதித்தான் அனுப்புவார், ஒருநாளும் பேசினதில்லை.

"தங்கச்சி, கேக்குது. தேறிட்டேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சந்தோஷம்ணா" என்றாள்.

"இன்னொண்ணு. பஸ்ல அத்தனை இரைச்சல்ல நான் உதட்டைப் பார்த்துத்தான் டிக்கெட் குடுத்துட்டிருந்தேன். காலைல நீங்க திட்டினது அத்தனையும் புரிஞ்சுது, செருப்பு வரைக்கும். பாவம் மாப்பிள்ளைன்னு நெனச்சேன். அப்புறம் நீங்க 'பார்த்துப் போங்க'ன்னது காதுல விழுந்துச்சு. முகத்துல இருந்த கோபம் குரல்ல இல்ல தங்கச்சி."

அவள் போனை வைத்தபோது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"என்ன, பேசினாரா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர், கொஞ்சம் தயங்கி, "அந்த சிடி அவர் பையிலேயே போயிடுச்சு" என்றார்.

"போகட்டும். சாப்பிட வாங்க" என்றாள். இந்த முறை முகத்தையும் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை.